இ-சைக்கிள் வாங்கி ரோட்டிலும் மண் தடத்திலும் ஓட்ட நினைப்பவர்களுக்கு

நான் இங்கே சொல்லப்போவது பெடல் இருக்கிற சைக்கிளைப் பற்றி. நாம் மிதிக்க மிதிக்க மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளுமே, அது. ஸ்கூட்டர் மாதிரி உட்கார்ந்துகொண்டு திருகினால் ஓடுகிற வண்டி வேறு கதை, இதில் பாதிகூட அதற்குப் பொருந்தாது.

இ-சைக்கிள் வாங்கியவர்கள் சில மாதங்களில் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சொன்ன தூரம் சார்ஜ் வரவில்லை, செயின் அதற்குள் தேய்ந்துவிட்டது, பின்சக்கரத்தில் ஸ்போக் அறுந்துவிட்டது, பிரேக் கத்துகிறது. வண்டியே மோசம் என்று முடிவுகட்டி மூலையில் சாத்திவிடுவார்கள். ஆனால் மோட்டார் குறைப்பது உங்கள் காலின் பாரத்தை மட்டும்தான். ஸ்போக்குக்கும் டயருக்கும் பிரேக்குக்கும், பல வண்டிகளில் செயினுக்கும் அது பாரத்தைக் கூட்டுகிறது. சாதா சைக்கிள் 12, 14 கிலோ என்றால் இது 20 முதல் 25 கிலோ. சாதா சைக்கிளில் தப்பான கியரில் மேடு ஏறினால் முழங்கால் உடனே வலிக்கும், நாமும் திருத்திக்கொள்வோம். இதில் அந்த வலியை மோட்டார் வாங்கிக்கொண்டு விடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை, தேய்மானம் மட்டும் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகிறது. கீழே நான் சொல்கிற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

மோட்டார் இரண்டு இடத்தில் இருக்கலாம். சக்கரத்தின் நடுவில் இருந்தால் ஹப் மோட்டார், பெடல் அச்சில் இருந்தால் மிட் மோட்டார். ஹப் மோட்டார் சக்கரத்தை நேரடியாகச் சுற்றுகிறது, செயினைத் தொடுவதில்லை, பராமரிப்பு குறைவு. சமதளத்தில் தினமும் வேலைக்குப் போய்வர அதுவே போதும். ஆனால் செங்குத்தான மேட்டில் வேகம் குறையும்போது அது திணறும், ஏனென்றால் உங்கள் கியர் எதுவும் அதற்கு உதவாது. மிட் மோட்டாரின் பலம் செயின் வழியாகப் போவதால் நீங்கள் லேசான கியரைப் போட்டால் மோட்டாருக்கும் அது லேசாகிறது. எடையும் வண்டியின் நடுவில், தாழ்வாக இருக்கும். கல்லும் மேடுமான தடத்தில் அடிக்கடி ஓட்டப் போகிறீர்கள் என்றால் மிட் மோட்டார்தான் சரி, செயின் சீக்கிரம் தேயும் என்பதை ஏற்றுக்கொண்டு வாங்குங்கள்.

வாட் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 250 வாட் என்று எழுதியிருக்கும் மோட்டார், தொடர்ந்து தரக்கூடிய சக்தியைத்தான் அப்படிச் சொல்கிறது. மேட்டில் சிறிது நேரத்துக்கு அது 500 வாட்டுக்கு மேல்கூடத் தரும். மேடு ஏற எவ்வளவு இழுக்கும் என்பதற்கு நியூட்டன் மீட்டர் கணக்கைப் பாருங்கள். மலைத்தடத்துக்கான மிட் மோட்டார்கள் பல 85 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும்.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது சென்சார். கேடன்ஸ் சென்சார் என்றால் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் அதற்குத் தெரியும், சுற்ற ஆரம்பித்ததும் மோட்டார் ஓடும், நிறுத்தினால் ஒரு கணம் கழித்து நிற்கும். டார்க் சென்சார் நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அளந்து அதற்கேற்ப உதவுகிறது. 1993இல் யமாஹா ‘பாஸ்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த சைக்கிளிலேயே இந்த யோசனை இருந்தது, மனிதன் போடும் பலத்தோடு மோட்டார் பலத்தைச் சேர்ப்பது. சமதளத்தில் கேடன்ஸ் சென்சாரோடு சமாளித்துவிடலாம். சறுக்கும் கல், குறுகிய வளைவு என்று வரும்போது, நீங்கள் கேட்காத நேரத்தில் மோட்டார் தள்ளினால் கீழே விழுவீர்கள். தடத்தில் ஓட்ட டார்க் சென்சார் கண்டிப்பாக வேண்டும்.

பிரேக் ஹைட்ராலிக் டிஸ்க்காக (திரவ அழுத்தத்தில் பிடிப்பது) இருக்கட்டும். மலைத்தடம் என்றால் டிஸ்க்கின் விட்டம் 180 அல்லது 203 மில்லிமீட்டர். பேட்டரி எந்தத் தரச் சோதனையில் தேறியது என்று கேளுங்கள். இ-சைக்கிளின் முழு மின் அமைப்புக்கு யுஎல் 2849 என்ற தரமும், ஐரோப்பாவில் இஎன் 15194 என்ற தரமும் இருக்கின்றன. பேட்டரி விஷயத்தில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்வேன். அது நீங்கள் தூங்கும் வீட்டுக்குள் இருக்கப் போகிற பொருள்.

சார்ஜ் எவ்வளவு தூரம் வரும்

பேட்டரி எவ்வளவு பெரியது என்பதற்கு வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்க வேண்டும். 36 வோல்ட், 14 ஆம்பியர்-ஹவர் என்றால் 504 வாட்-ஹவர். அவ்வளவுதான் உங்கள் குடத்தில் இருக்கும் தண்ணீர். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்பது உங்கள் கையில். சமமான ரோட்டில் நீங்களும் மிதித்து, குறைந்த மோட்டார் உதவியில் போனால் 6, 8 வாட்-ஹவர் போதும். அதிக உதவியில் வேகமாகப் போனால் 12, 15 ஆகும். மேடும் மணலும் கல்லுமான தடத்தில் 20, 25 வரை போகலாம். அதே 504 வாட்-ஹவர் ஒருவருக்கு 70 கிலோமீட்டர், இன்னொருவருக்கு 20. விளம்பரத்தில் போட்டிருக்கும் எண் முதல் ஆளுக்கு உரியது.

மேட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நீங்கள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைப்போம். 100 மீட்டர் உயரம் ஏற வேண்டுமானால் இயற்பியல்படி சுமார் 27 வாட்-ஹவர் தேவை. மோட்டாரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 35 வரை போகும், அதுவும் நீங்கள் காலில் பலமே போடவில்லை என்றால். பாதி பலத்தை நீங்கள் போட்டால் இதுவும் பாதியாகும். ஆக, மொத்தம் 500 மீட்டர் உயரம் ஏறி இறங்கும் தடத்துக்கு, மோட்டாரையே நம்பிப் போனால் 175 வாட்-ஹவர் ஏறுவதற்கே செலவு, அதாவது 504இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், தூரத்துக்கான செலவு தனி. கிளம்பும் முன் வரைபடத்தில் தூரத்தைப் பார்க்கிற நாம் உயரத்தையும் பார்க்க வேண்டும்.

சமதளத்தில் பேட்டரியைத் தின்பது காற்று. 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு இரண்டே கால் மடங்காகிறது. ஐந்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்வதற்காகப் பேட்டரியில் பெரும்பங்கைக் கொட்டுகிறோம். திரும்பும்போது எதிர்க்காற்று என்றால் இன்னும் மோசம். அதனால் புதிய இடத்துக்குப் போகும்போது பேட்டரியில் பாதி தீர்ந்ததும் திரும்பலாம் என்று இருக்காதீர்கள். 60 சதவீதம் மீதி இருக்கும்போதே திரும்புங்கள், அதுவும் திரும்பும் வழி மேடாக இல்லாத பட்சத்தில்.

ஒருமுறை நான் இதைச் செய்யாமல், வீட்டுக்கு 9 கிலோமீட்டர் இருக்கும்போது பேட்டரி முழுவதும் தீர்ந்து, 24 கிலோ வண்டியை மிதித்தும் தள்ளியும் கொண்டுவந்தேன். அன்றைக்குக் கடைசி மேட்டில் திரையில் 22 சதவீதம் என்று காட்டிய எண், மேடு முடிவதற்குள் 6 ஆனது. லித்தியம் பேட்டரியிலிருந்து ஒரே நேரத்தில் நிறைய மின்சாரத்தை இழுத்தால் வோல்டேஜ் தற்காலிகமாகச் சரியும், அதைப் பார்த்துத் திரையும் தடுமாறும், ரொம்பச் சரிந்தால் பாதுகாப்புச் சுற்று மோட்டாரையே நிறுத்திவிடும். கடைசி 20 சதவீதத்தை மேட்டுக்கு நம்பக்கூடாது என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி. அப்படி மாட்டிக்கொண்டால் கொஞ்சம் ஓய்வு கொடுத்து, மிகக் குறைந்த உதவியில் வைத்து, சமதளம் பார்த்துப் போங்கள், கொஞ்சம் மீளும்.

சேமிக்க இன்னொரு முக்கியமான வழி கியர். காலின் சுற்று நிமிடத்துக்கு 75 முதல் 90 வரை இருக்கும்படி கியரைப் போடுங்கள். ரொம்பக் கனமான கியரில் டர்போவை (மோட்டார் உதவியின் உச்ச அளவு) போட்டுக்கொண்டு மெதுவாக மிதித்து ஏறினால் மோட்டார் சூடாகி, மின்சாரம் வீணாகி, செயினும் பல்சக்கரமும் சேர்ந்து அடிவாங்கும்.

சார்ஜ் போடுவதும் பேட்டரியை வைப்பதும்

வண்டியோடு வந்த சார்ஜர் அல்லது அதே தயாரிப்பாளர் அந்த பேட்டரிக்கென்று தரும் சார்ஜர், இரண்டில் ஒன்றுதான். பிளக் பொருந்துகிறது என்பதற்காக வேறு சார்ஜரைச் செருகுவது ஆபத்து. 36 வோல்ட் பேட்டரிக்கு முழுச் சார்ஜ் 42 வோல்ட், 48 வோல்ட் பேட்டரிக்கு 54.6, மாறிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டி முடித்து வந்ததும் பேட்டரி சூடாக இருக்கும், அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். உறைகுளிரில் இருந்து வந்தால் அதற்கு எதிர்: அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அது திரும்பிச் சரியாகாது. விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள், வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டு கதவருகே போடாதீர்கள், மெத்தை, துணி, காகிதம் பக்கத்தில் வேண்டாம். 2 ஆம்பியர் சார்ஜருக்கு 500 வாட்-ஹவர் நிரம்ப ஏழு மணி நேரம் ஆகும், 4 ஆம்பியர் என்றால் அதில் பாதி. அவசரமில்லாத நாளில் மெதுவானது பேட்டரிக்கு நல்லது.

தினமும் 100 சதவீதம் நிரப்பி, அப்படியே சூட்டில் வைத்திருப்பதுதான் லித்தியம் பேட்டரியை வேகமாகக் கிழமாக்குகிறது. நாளைக்கு 10 கிலோமீட்டர்தான் போகப் போகிறீர்கள் என்றால் 80 வரை போதும். நீண்ட பயணத்துக்கு முந்திய நாள் நிரப்பிக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. சில மாதங்கள் ஓட்டப்போவதில்லை என்றால் 40 முதல் 60 சதவீதத்தில், குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள், மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். முழுக்கத் தீர்ந்த நிலையில் விட்டுவிட்டால் பிறகு அது உயிர்பெறாமலே போகலாம்.

பேட்டரி கீழே விழுந்து நசுங்கியிருந்தால், உப்பியிருந்தால், விநோதமான வாடை வந்தால், சும்மா இருக்கும்போதே சூடாக இருந்தால், சார்ஜில் போடாதீர்கள். வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருள் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு விற்றவரைக் கேளுங்கள். புகையோ சீறும் சத்தமோ வந்தால் அணைக்க முயலவே வேண்டாம். ஆட்களை வெளியே கூட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்புக்குச் சொல்லுங்கள்.

முதல் வாரம்

வாங்கிய அன்றே போக்குவரத்துக்குள் இறங்காமல், காலியான ஒரு மைதானத்தில் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். மிகக் குறைந்த உதவியில் ஆரம்பிக்கணும். லேசான கியரில் கிளம்பிப் பாருங்கள், கனமான கியரில் கிளம்பிப் பாருங்கள், வித்தியாசம் காலுக்குப் புரியும். நின்றுகொண்டிருக்கும்போது பெடல் மேல் காலை அழுத்தி வைக்கும் பழக்கத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். டார்க் சென்சார் உள்ள வண்டி சிக்னலில் அப்படியே முன்னால் பாயும்.

பிரேக்கைப் பழக்க வேண்டும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் புது பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வரை பிடிப்பு குறைவாகவே இருக்கும். 25 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய், நடக்கும் வேகம் வரை அழுத்தமாக, ஆனால் சக்கரம் பூட்டாமல் குறையுங்கள், முழுக்க நிறுத்த வேண்டாம். இப்படி 20 முறை, முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும். பலர் இதைச் செய்வதே இல்லை, பிறகு பிரேக் கத்துகிறது என்பார்கள்.

தார் ரோட்டில்

எதிரில் வரும் கார்க்காரருக்கு நீங்கள் ஒரு சைக்கிள். சைக்கிள் மெதுவாகத்தான் வரும் என்று அவர் மனதில் ஒரு கணக்கு இருக்கும், நீங்கள் அந்தக் கணக்கைவிட வேகமாக வருகிறீர்கள். சந்திப்பில் குறுக்கே திரும்பிவிடுவார். அதனால் சந்திப்பு வரும்போது விரல் பிரேக்கில் இருக்கட்டும், ஓட்டுநர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று உறுதியாகும் வரை உங்களுக்கு வழி இருப்பதாக நினைக்காதீர்கள். நிறுத்தியிருக்கும் கார்களுக்கு ஒரு கதவின் அகலத்துக்கும் கூடுதலாக இடம் விட்டுப் போங்கள். பகலிலும் விளக்கு எரியட்டும்.

காற்றின் எதிர்ப்புக்குச் சொன்ன அதே எண் பிரேக்குக்கும் பொருந்தும்: 20இல் நிற்கத் தேவைப்படும் தூரத்தைப் போல 30இல் இரண்டே கால் மடங்கு வேண்டும். முன் பிரேக்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது, அதைக் கண்டு பயந்து பின் பிரேக்கை மட்டும் பிடிப்பவர்கள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்பார்கள். இரண்டையும் சேர்த்து, பிடியைப் படிப்படியாகக் கூட்டிப் பிடியுங்கள், உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். மழையில் வெள்ளைக் கோடும் சாக்கடை மூடியும் வழுக்கும். அதன் மேல் பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம்.

கரடுமுரடான தடத்தில்

இங்கேதான் இந்த வண்டி தன் அருமையைக் காட்டும். முன்பு மூச்சு வாங்கி இறங்கித் தள்ளிய மேட்டை ஏறி முடித்து, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கும் சந்தோஷம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் முன்பு மூன்று மேட்டோடு திரும்பியவர் இப்போது பத்து மேடு ஏறுவார், பத்து இறக்கமும் இறங்க வேண்டும், இறங்குவதற்கான திறமை இன்னும் மூன்று இறக்கத்து அளவில்தான் இருக்கும். ஏறுவதில் மோட்டார் உதவும், இறங்குவதில் அதன் எடைதான் உங்களோடு வரும். அதனால் இறங்குவதை முதலில் பழகுங்கள்.

கிளம்பும் முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். ரோட்டில் 2 அங்குல டயரில் 40 முதல் 50 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுவோம். தடத்தில் 2.4 அங்குல டயர், டியூப் இல்லாதது என்றால் முன்னால் 20, 22, பின்னால் 23, 25 போதும்; டியூப் இருந்தால் சில பிஎஸ்ஐ கூட்டுங்கள், இல்லாவிட்டால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிப் பாம்புக் கடி மாதிரி இரண்டு ஓட்டை விழும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எல்லைக்கு உள்ளேயே இருக்க வேண்டும். சஸ்பென்ஷன் இருந்தால், ஓட்டும் உடையோடும் பையோடும் வண்டியில் நிற்கும்போது அது தன் முழு ஆட்டத்தில் 25 முதல் 30 சதவீதம் இறங்கியிருக்கும்படி காற்றை வையுங்கள்.

இறக்கத்தில் சீட்டில் உட்காரக்கூடாது. சீட்டைத் தாழ்த்திவிட்டு, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், குதிகால் சற்றுக் கீழே, முழங்கையும் முழங்காலும் மடங்கி, ஒவ்வொரு கையிலும் ஒரு விரல் மட்டும் பிரேக்கில். கை கால் ஆடட்டும், வண்டி உங்களுக்குக் கீழே துள்ளட்டும், தலை மட்டும் அசையாமல் போகணும். கண் முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது. ஏழெட்டு மீட்டர் முன்னால், போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். கல்லையே பார்த்துக்கொண்டு போனால் கல் மேல்தான் போவீர்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விடுங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து லேசாகத் தேய்த்துக்கொண்டே போனால் டிஸ்க் கொதித்துப் பிடிப்பு போய்விடும். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறை, விடு, ஆறட்டும், மறுபடி பிடி. வாடை வந்தால் நின்று ஓய்வு கொடுங்கள், டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

ஏறும்போது ஆசை டர்போவுக்குத்தான் போகும். செங்குத்தான மேட்டில் டர்போவைப் போட்டு அழுத்தினால் முன்சக்கரம் எழும்பும் அல்லது பின்சக்கரம் கல்லைச் சிதறடித்துக்கொண்டு அதே இடத்தில் சுற்றும். நடு அளவு உதவி, லேசான கியர், சீராகச் சுற்றும் கால், இதுதான் ஏற வைக்கும். சீட்டின் முன் நுனிக்கு வந்து, நெஞ்சைத் தாழ்த்தி, முழங்கையை உள்ளே மடக்குங்கள். மேடு ஆரம்பிப்பதற்கு முன்பே கியரை மாற்றிவிடுங்கள். நடுவில் மாற்றியே ஆக வேண்டும் என்றால், மாற்றும் அந்த அரை விநாடி மட்டும் மிதியின் அழுத்தத்தைக் குறையுங்கள். மிட் மோட்டார் முழு பலத்தில் இழுக்கும்போது கியர் மாற்றினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், செயின் ஒருநாள் அங்கேதான் அறும்.

மேட்டின் நடுவில் நின்றுவிட்டால்? இரண்டு பிரேக்கையும் பிடித்து, சீட்டில் உட்கார்ந்து, ஒரு பெடலைக் கடிகாரத்தில் 2 மணி முள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, லேசான கியரில், அழுத்தத் தொடங்கும்போதே பிரேக்கை விடுங்கள். மோட்டார் சட்டென்று பிடிக்கும், அதற்குத் தயாராக உடம்பு முன்னால் இருக்கட்டும். முடியவில்லை என்றால் நடை உதவி இருக்கிறதே, அந்தப் பொத்தானை அழுத்தினால் மணிக்கு 6 கிலோமீட்டர் வரை வண்டி தானே உங்களோடு ஏறும். அதைப் பயன்படுத்துவதில் ஒரு வெட்கமும் வேண்டாம்.

மேட்டிலும் மிதித்துக்கொண்டே போகிற வண்டி என்பதால் பெடல் கல்லில் இடிப்பது இதில் அதிகம். பெரிய கல் வரும்போது முழுச் சுற்று சுற்றாமல், அரைச் சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே என்று மிதித்துத் தாண்டுங்கள். ஈரமான மர வேரைக் குறுக்காக, நேர் செங்கோணத்தில் கடக்கணும், அதன் மேல் இருக்கும் கணத்தில் பிரேக்கும் மிதியும் இரண்டும் வேண்டாம். மணலில் எடையைப் பின்னால் தள்ளி, கையைத் தளர்வாக வைத்து, வேகம் விடாமல் நேராகப் போங்கள்.

ஓடை குறுக்கிட்டால், ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. ஐபிஎக்ஸ் 4 என்று எழுதியிருந்தால் எந்தத் திசையிலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்றுதான் அர்த்தம், முங்கினால் தாங்கும் என்றல்ல. முதலில் நடந்து பாருங்கள். தண்ணீர் மோட்டார் உயரத்துக்கு வரும் என்று தோன்றினால் பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியைத் தூக்கிக்கொண்டு கடந்துபோங்கள் அல்லது திரும்பிவிடுங்கள்.

நடப்பவர்களுக்கும் மேலேறி வருபவர்களுக்கும் எப்போதும் வழிவிடுங்கள். விலங்குகள் இருந்தால் நின்றுவிடுங்கள், சத்தமே இல்லாமல் வரும் வண்டி அவற்றை மிரளவைக்கும். மழை பெய்து மண் குழைந்திருக்கும்போது தடத்துக்குப் போகாதீர்கள். 24 கிலோ வண்டி போட்ட பள்ளம் காய்ந்து இறுகிய பிறகு நடப்பவரின் காலை வாரும். சாதா சைக்கிளுக்கு அனுமதி இருக்கும் எல்லாத் தடத்திலும் இ-சைக்கிளுக்கு அனுமதி இருக்காது, போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ரோட்டுச் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம் வரைக்கும்தான் அது சைக்கிள், அமெரிக்காவில் பல மாநிலங்கள் மூன்று வகுப்பாகப் பிரித்து 20 அல்லது 28 மைல் வேகம் வரை விடுகின்றன. அந்த வேக எல்லையை மென்பொருளில் மாற்றி எடுத்துவிட்டால் வாரண்டி போகும், விபத்து நடந்தால் காப்பீடும் கைவிடும்.

பராமரிப்பு

முதல் 150 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை பாருங்கள், ஸ்போக்கையும். இரண்டிரண்டு ஸ்போக்காக விரலால் அழுத்திப் பார்த்தால் தொளதொளப்பாக இருப்பது உடனே தெரியும். ஹப் மோட்டார் உள்ள சக்கரத்தில் இது இன்னும் முக்கியம். அதன் அச்சு நட்டு இறுக்கமாக இருக்கிறதா, அச்சு தானே சுழன்றுவிடாமல் பிடிக்கும் தகடு அசையாமல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கணும். அது கழன்றால் மோட்டாரின் ஒயர் முறுக்கி அறும்.

செயினை ஒவ்வொரு தூசிப் பயணத்துக்குப் பின்னும் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் விட்டு, மேலே இருக்கும் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். செயின் தேய்மானம் பார்க்கும் சின்ன அளவுகோல் ஒன்று வாங்கிவிடுங்கள். 11, 12 கியர் வண்டியில் 0.5 சதவீதம் நீண்டதும், அதற்குக் குறைந்த கியர்களில் 0.75இல் செயினை மாற்றிவிட்டால், பின்னால் இருக்கும் பல்சக்கரம் பிழைக்கும். தள்ளிப்போட்டால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். டிஸ்க் மேல் எண்ணெய்த் துளி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டுவிட்டால் பேடைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ஹைட்ராலிக் பிரேக்கில் மினரல் ஆயில் போடும் வண்டியும் உண்டு, டாட் திரவம் போடும் வண்டியும் உண்டு; மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டு பிரேக் போய்விடும்.

கழுவ ஒரு வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயை மோட்டார், சக்கர அச்சு, திரை, பேட்டரி இணைப்பு இவற்றின் பக்கம் கொண்டே போகாதீர்கள். காரில் ஏற்றிப் போகும்போது பேட்டரியைக் கழற்றி உள்ளே வையுங்கள், காரில் மாட்டும் சைக்கிள் தாங்கி எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள். விமானத்தில் முடியாது, பயணிகள் விமானத்தில் 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு இடமில்லை, சாதாரண இ-சைக்கிள் பேட்டரி அதைப் போல மூன்று மடங்கு.

பஞ்சரை வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள், குறிப்பாகப் பின்சக்கரத்தில் ஹப் மோட்டார் என்றால். பவரை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, மோட்டார் ஒயரின் இணைப்பை நேராக இழுத்துப் பிரித்து (திருகக்கூடாது, உள்ளே இருக்கும் ஊசிகள் வளையும்), நட்டைக் கழற்றணும். அந்த நட்டு பெரும்பாலும் 18 மில்லிமீட்டர், சாதா சைக்கிள் கருவிப் பையில் அந்த ஸ்பேனர் இருக்காது. வாஷர் எந்த வரிசையில் இருந்தது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். பையில் ஸ்பேனர், ஒரு டியூப், டயர் நெம்பி, பம்ப், ஆலன் கீ, செயின் இணைப்பு ஒன்று, இவை எப்போதும் இருக்கட்டும். தலைக்கவசத்தைச் சொல்லவே தேவையில்லை, தடத்துக்கு என்றால் கையுறையும் முழங்கால் காப்பும் கண்ணாடியும்.

பேட்டரிக்கு வயதாகும். நல்லபடி பார்த்துக்கொண்டால் 500 முதல் 1000 முழுச் சார்ஜ் வரை உழைக்கும், பிறகும் ஓடும், தூரம்தான் குறைந்துகொண்டே வரும். பழைய பேட்டரியைத் திறந்து செல் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது எந்தத் தரச் சோதனையும் காணாத பேட்டரியாக மாறிவிடும் என்பதை யோசித்து முடிவெடுங்கள். ஓய்ந்துபோனதைக் குப்பையில் போடக்கூடாது, லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். விற்ற கடையிலோ மின்கழிவு வாங்கும் இடத்திலோ கொடுங்கள், இணைப்பு முனைகளின் மேல் டேப் ஒட்டிக்கொண்டு.